முதலில் நட, பிறகு ஏறு: கார்ட்டீசியன் தளத்தை வீட்டிலேயே பழகும் முறை

கைப்பேசி வரைபடத்தில் 13.08, 80.27 என்று தட்டினால் சென்னை வந்து நிற்கும். அதே இரண்டு எண்களை இடம் மாற்றி 80.27, 13.08 என்று தட்டிப் பாருங்கள். திரை முழுக்க நீலம்தான். நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளையும் தாண்டி, ஆர்க்டிக் கடலுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கும். எண்கள் இரண்டும் சரி. வரிசை மட்டும் புரண்டுவிட்டது.

வரைபடத் தாளில் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான். எக்ஸ் அச்சு எது, ஒய் அச்சு எது என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். (2, 5)-ஐக் குறிக்கச் சொன்னால் (5, 2)-இல் புள்ளி விழும். இலக்கணம் தெரிந்திருக்கிறது, கை பழகவில்லை என்று பொருள்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்திலேயே வரைபடம் தலைகாட்டிவிடுகிறது. ஒன்பதில் ஆயத்தொலை வடிவியல் என்று தனிப்பாடமே இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கேள்வி ஒன்றுக்கே 8 மதிப்பெண். இலங்கைப் பாடநூல்களில் ஆள்கூற்றுத் தளம் என்ற பெயரில் வருவதும் இதே பாடம்தான்; செய்முறையில் வேறுபாடு இல்லை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் அம்மா, அப்பா, அக்கா, அண்ணன் யாராக இருந்தாலும், தானே கற்க நினைக்கும் மாணவராக இருந்தாலும், இந்த அத்தியாயத்தின் வரிசையை மாற்றாமல் போவது நல்லது. முதலில் கால், அடுத்து கை, கடைசியில்தான் சூத்திரம்.

வேண்டியவை

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, கிராஃப் தாள் சில, கூராகச் சீவிய எச்.பி. பென்சில், 30 செ.மீ. ஸ்கேல், ரப்பர், சிவப்பும் நீலமுமாக இரண்டு கலர் பென்சில், தரைக்குச் சாக்பீஸ் அல்லது ஒட்டி எடுக்கக்கூடிய காகித டேப். ஒரு கைப்பிடி புளியங்கொட்டை அல்லது சட்டைப் பொத்தான். காம்பஸ் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இந்தப் பாடத்தில் காம்பஸின் கூர்முனைக்கு வேலையே இல்லை.

கிராஃப் தாளை முதல் நாளே கையில் கொடுப்பது பலர் செய்யும் தவறு. ஒரு சென்டிமீட்டருக்குள் பத்து மில்லிமீட்டர் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தாளைப் பார்த்ததுமே பிள்ளைக்குக் கண் கூசும். எதை எண்ணுவது என்றே தெரியாது. கட்டம் போட்ட நோட்டில் கை ஓடிய பிறகு கிராஃப் தாளுக்கு வரலாம்.

தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்

கார்ட்டீசியன் தளம் என்றால் இரண்டு எண்கோடுகள், ஒன்று படுத்துக் கிடக்கிறது, மற்றது நிற்கிறது. இரண்டும் பூச்சியத்தில் செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. கிடக்கும் கோடு எக்ஸ் அச்சு, நிற்கும் கோடு ஒய் அச்சு, வெட்டும் இடம் ஆதிப்புள்ளி (0, 0). தளத்தில் எந்தப் புள்ளிக்கும் இரண்டு எண்கள் உண்டு, அவைதான் அதன் ஆயத்தொலைவு. முதல் எண் வலமா இடமா, எவ்வளவு தூரம் என்று சொல்லும். இரண்டாவது எண் மேலா கீழா என்று சொல்லும். அச்சுகள் தளத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கின்றன. வலது மேல்பக்கம் முதல் கால்பகுதி. அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் இரண்டு, மூன்று, நான்கு.

இத்துடன் கோட்பாடு முடிந்தது. ரெனே டெகார்ட் படுக்கையில் கிடந்தபடி கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார் என்ற கதையைப் பல ஆசிரியர்கள் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது. 1637-இல் வெளிவந்த அவருடைய 'ஜியோமெட்ரி' நூலைப் புரட்டினால் இன்று நாம் போடும் சிலுவை வடிவ அச்சுகளே அதில் இல்லை. குறை எண் பக்கத்தை அவர் பயன்படுத்தவும் இல்லை. நான்கு பக்கமும் விரிந்த தளத்தை முறையாகக் கையாண்டவர் நியூட்டன். அவர் அதைச் செய்த நூல் 1704-இல்தான் அச்சேறியது. இடது பக்கமும் கீழ்ப்பக்கமும் பிள்ளைக்கு உடனே பிடிபடவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. பெரிய கணித மேதைகளுக்கே அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்த சங்கதி அது.

முதல் கட்டம்: தரையில் நடப்பது

டைல்ஸ் போட்ட கூடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சிமெண்ட் தரை என்றால் ஓரடிக்கு ஒரு கோடாகச் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொள்ளலாம்.

1. நாற்காலி, டீப்பாயை ஓரம் தள்ளுங்கள். அறையின் நடுவே நான்கு டைல்ஸ் கூடும் மூலையில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதுதான் ஆதிப்புள்ளி.

2. நாணயத்தின் வழியே இடமிருந்து வலமாக ஓடும் இணைப்புக் கோட்டில் டேப் ஒட்டுங்கள். அது எக்ஸ் அச்சு. குறுக்கே போகும் இணைப்புக் கோட்டில் வேறு நிற டேப். அது ஒய் அச்சு.

3. துண்டுக் காகிதங்களில் எண்களை எழுதி இணைப்பு மூலைகளில் ஒட்டுங்கள். வலப்பக்கம் 1, 2, 3. இடப்பக்கம் −1, −2, −3. முன்பக்கம் 1, 2, 3. பின்பக்கம் −1, −2, −3.

4. பிள்ளை நாணயத்தின் மேல் நிற்கட்டும். முகம் எப்போதும் ஒய் அச்சின் கூட்டல் பக்கம் பார்க்க வேண்டும். 'ஜன்னலைப் பார்த்து நில்லு' என்று ஓர் அடையாளம் சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

5. (3, 2) என்று சத்தமாகச் சொல்லுங்கள். முதல் எண்ணுக்கு வலப்பக்கம் மூன்று மூலை நகர வேண்டும். அங்கே ஒரு நொடி நிற்க வேண்டும். பிறகு இரண்டாவது எண்ணுக்கு முன்னால் இரண்டு மூலை. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டை.

6. அடுத்த புள்ளிக்குப் போகுமுன் நாணயத்துக்குத் திரும்பி வர வேண்டும். இருந்த இடத்திலிருந்தே அடுத்ததை எண்ணத் தொடங்குவதை அனுமதிக்காதீர்கள்.

ஐந்தாவது படியில் சொன்ன அந்த ஒரு நொடி நிறுத்தத்தை விட்டுவிட்டால் பயிற்சிக்கு அர்த்தமில்லை. வேகமாக நடக்கும் பிள்ளை குறுக்காகப் பாய்ந்து இலக்குக்குப் போய்விடும். எந்த எண்ணுக்கு எந்தத் திசை என்பது மனதில் பதியாது. நின்ற இடத்தில், "கண்ணு, நடந்தாச்சு. இப்ப ஏறணுமா, இறங்கணுமா?" என்று கேளுங்கள். முதலில் நட, பிறகு ஏறு. மாடி வீட்டுக்குப் போகிறவர் முதலில் தரையில் நடந்து படிக்கட்டை அடைந்து, அதன்பின் மேலே ஏறுவது போலத்தான். நாலைந்து புள்ளிகளுக்குள் பிள்ளையே இதை முணுமுணுக்கத் தொடங்கும்.

கூட்டல் எண்கள் பழகியதும் (2, 4), (4, 2) இரண்டுக்கும் அடுத்தடுத்துக் கொட்டை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கொட்டைகளும் வேறுவேறு இடத்தில் கிடப்பதைப் பார்த்த பிறகு வரிசையின் முக்கியத்துவம் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது. கூடவே (3, 3)-ஐயும் வைக்கச் சொன்னால், வரிசை மாறினாலும் இடம் மாறாத புள்ளிகள் சில உண்டு என்று பிள்ளையே சொல்லிவிடும்.

*பாதுகாப்பு:* ஒய் குறை எண்ணாக வரும்போது பின்னால் போக வேண்டும். பின்னோக்கி நடக்க விடாதீர்கள். திரும்பி நடந்து, சேர்ந்ததும் மறுபடி ஜன்னல் பக்கம் முகம் திருப்பட்டும். மொட்டை மாடியில் செய்வதாக இருந்தால் கைப்பிடிச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்டம் போடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், சித்திரை மதியத்தில் மாடித் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. பயிற்சி முடிந்ததும் கொட்டைகளையும் பொத்தான்களையும் எண்ணிப் பொறுக்கிவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் இரண்டு முறை எண்ணுங்கள்.

*அடிக்கடி நேரும் தவறு:* பிள்ளை டைல்ஸின் நடுவில் போய் நிற்கும். சதுரங்கமும் எக்செல் கட்டங்களும் பழகிய பிள்ளை என்றால் கட்டாயம் நிற்கும், ஏனென்றால் அங்கே பெயர் கட்டத்துக்கு. இங்கே பெயர் கோடுகள் வெட்டும் மூலைக்கு. இந்தப் பழக்கத்தைத் தரையிலேயே திருத்திவிடுங்கள். நோட்டுக்குப் போன பிறகு கட்டத்தின் வயிற்றில் புள்ளி வைக்கும் பழக்கம் லேசில் போகாது.

இரண்டாம் கட்டம்: அச்சு வரைவது

தாளுக்கு வந்ததும் அவசரப்பட்டுப் புள்ளி குறிக்கத் தொடங்க வேண்டாம். அச்சு ஒழுங்காக அமையாவிட்டால் பின்னால் வருவது எல்லாமே கோணல்.

1. கட்ட நோட்டுப் பக்கத்தின் நடுவில், இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2. ஏற்கெனவே அச்சடித்திருக்கும் கோட்டின் மேலேயே ஸ்கேல் வைத்து அச்சுகளை அழுத்தி வரையுங்கள். கட்டத்தின் நடுவே புதுக்கோடு போடக் கூடாது.

3. நான்கு முனையிலும் அம்புக்குறி. வலது முனையில் எக்ஸ், மேல் முனையில் ஒய்.

4. வெட்டுமிடத்தில் 0. அங்கிருந்து வலப்பக்கமாக ஒவ்வொரு கோட்டுக்கும் நேர் கீழே 1, 2, 3 என்று எழுதுங்கள்.

5. மறுபடியும் 0-இலிருந்து தொடங்கி இடப்பக்கமாக −1, −2, −3. ஒய் அச்சிலும் அப்படியே, 0-இலிருந்து மேலே, பிறகு 0-இலிருந்து கீழே.

ஐந்தாவது படியைத் தனியாகச் சொல்லியிருப்பதற்குக் காரணம் உண்டு. இடது ஓரத்திலிருந்து எழுதத் தொடங்கும் பிள்ளை −1, −2, −3 என்று வலப்பக்கம் வந்து, 0-ஐ ஒட்டி −6 எழுதி வைத்திருக்கும். பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கும். புள்ளிகள் அத்தனையும் தவறாகும்.

இன்னொரு தவறு, எண்ணைக் கோட்டுக்கு நேராக எழுதாமல் இரண்டு கோடுகளுக்கு இடையில் எழுதுவது. ஸ்கேலைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் எண் எப்போதும் கோட்டுக்கு நேராகத்தான் நிற்கிறது.

மூன்றாம் கட்டம்: புள்ளி குறிப்பது

(−4, 3)-ஐ எடுத்துக்கொள்வோம்.

1. பென்சில் முனையை ஆதிப்புள்ளியில் ஊன்றுங்கள்.
2. முதல் எண் −4. எக்ஸ் அச்சின் மேலேயே இடப்பக்கம் நான்கு கோடு நகர்ந்து நில்லுங்கள்.
3. இரண்டாவது எண் 3. நின்ற கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே மூன்று கோடு.
4. வெட்டுமிடத்தில் சிறு புள்ளி. பக்கத்தில் எழுத்துப் பெயரும் ஆயத்தொலைவும்: அ(−4, 3).

புள்ளி கடுகு அளவு இருந்தால் போதும். மிளகு அளவில் உருட்டி உருட்டி வைத்தால் கிராஃப் தாளில் அது மூன்று நான்கு சிறு கட்டங்களை விழுங்கிவிடும்.

பூச்சியம் வரும் புள்ளிகளுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்கினாலும் தகும். (0, 5) என்றதும் பெரும்பாலான பிள்ளைகள் பூச்சியத்தைக் கண்டுகொள்ளாமல் வலப்பக்கம் ஐந்து நடந்துவிடும். "முதல் எண் பூச்சியம்னா எத்தனை அடி நடக்கணும்?" "நடக்கவே வேண்டாம்." "அப்போ?" "நேரா ஏறணும்." இந்த உரையாடல் ஒரு முறை நடந்துவிட்டால் (0, 5) ஒய் அச்சிலும் (5, 0) எக்ஸ் அச்சிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அச்சின் மேல் இருக்கும் புள்ளி எந்தக் கால்பகுதியையும் சேர்ந்ததில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

*குறிப்பு:* கால்பகுதிகளின் குறிகளை (+, +), (−, +), (−, −), (+, −) என்று மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் உண்டு. தேவையில்லாத சுமை. நடந்து ஏறத் தெரிந்த பிள்ளைக்கு இடப்பக்கம் நடந்து கீழே இறங்கினால் இரண்டும் குறை எண் என்பது கண்முன் தெரியும்.

நான்காம் கட்டம்: ஊடு புள்ளிக் கோலம்

தளத்தில் பின்ன எண்கள் வரும்போது தமிழ் வீடுகளில் கைகொடுக்க வாசலே இருக்கிறது. '7 புள்ளி, 4 வரை, ஊடு புள்ளி' என்றால் நடுவரிசையில் ஏழு புள்ளி, அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் இடைவெளியில் விழும். இதை அப்படியே தாளில் இறக்கலாம். இரண்டு கட்டத்தை ஓர் அலகாக வைத்துக்கொண்டால் அரை அலகுக்கும் கோடு கிடைக்கும்.

1. நடுவரிசை, ஒய் = 0: எக்ஸ் −3, −2, −1, 0, 1, 2, 3.
2. ஒய் = 1: எக்ஸ் −2.5, −1.5, −0.5, 0.5, 1.5, 2.5.
3. ஒய் = 2: எக்ஸ் −2, −1, 0, 1, 2.
4. ஒய் = 3: எக்ஸ் −1.5, −0.5, 0.5, 1.5.
5. கீழ்ப்பாதிக்கு அதே எக்ஸ் எண்கள். ஒய் மட்டும் −1, −2, −3.

மொத்தம் 37 புள்ளி விழ வேண்டும். (3, 0), (2.5, 1), (2, 2), (1.5, 3) ஆகிய நான்கையும் ஸ்கேலால் சேர்த்தால் ஓரம் நேர்கோடாக வரும். ஒரு புள்ளி தப்பினாலும் கோலம் கோணிக்கொள்ளும், விடைத்தாள் தேவைப்படாது. தவறு எங்கே என்று பிள்ளையே விரலை வைத்துக் காட்டும். பாட்டி பக்கத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம் காட்டிவிடுவார்.

பிறகு தாளை ஒய் அச்சில் மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். (2.5, 1) போய் (−2.5, 1) மேல் உட்காரும். எக்ஸின் குறி மட்டும் மாறியது. எக்ஸ் அச்சில் மடித்தால் ஒய்யின் குறி மட்டும் மாறும். எந்த அச்சில் மடிக்கிறோமோ அந்த அச்சின் எண் அப்படியே இருக்கும். பிள்ளைகள் இதைத் தலைகீழாக நினைவில் வைத்துக்கொள்வது வாடிக்கை. மடித்துப் பார்த்தவர்கள் மாற்றிச் சொல்வதில்லை.

ஐந்தாம் கட்டம்: தூரம் அளப்பது

அ(−3, 2), ஆ(4, 2), இ(4, −1), ஈ(−3, −1). நான்கையும் குறித்து வரிசையாகச் சேருங்கள். செவ்வகம் வரும். நீளம் என்ன?

மூன்று விதமான விடைகள் வரும். சிலர் 4-இல் 3 போக 1 என்பார்கள். படத்தில் இவ்வளவு நீளமாகத் தெரியும் கோட்டை ஒன்று என்று எழுதக் கை எப்படி வருகிறதோ! சிலர் −3-இல் தொடங்கி 4 வரை கோடுகளை எண்ணி 8 என்பார்கள். சரியான விடை 7.

வழி இது. −3-இலிருந்து 0 வரை மூன்று தாவல், 0-இலிருந்து 4 வரை நான்கு தாவல், ஆக ஏழு. கோடுகளை எண்ணினால் தொடங்கிய கோடும் கணக்கில் சேர்ந்து ஒன்று கூடிவிடும். தாவல்களை எண்ணினால் கூடாது. அகலத்துக்கும் அப்படியே: 2-இலிருந்து −1 வரை மூன்று தாவல். பரப்பு 21 சதுர அலகு. நம்பாத பிள்ளை உள்ளே இருக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கட்டும்.

கழித்தலாக எழுதும்போது 4 − (−3) = 7 என்று அடைப்புக்குறியோடு எழுதப் பழக்குங்கள். அடைப்புக்குறி போனால் ஒரு மைனஸும் கூடவே போய்விடும்.

ஆறாம் கட்டம்: கிராஃப் தாளில் வெயில் கோடு

கோடை வந்தால் தமிழ் நாளிதழ்கள் வெயிலைப் பாரன்ஹீட்டில் எழுதும். 100-ஐத் தாண்டினால் 'வெயில் சதம் அடித்தது' என்று தலைப்பு. கைப்பேசியோ அதையே 38 என்கிறது, செல்சியஸில். இரண்டையும் இணைக்கும் கணக்கு எளிது: செல்சியஸை 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டினால் பாரன்ஹீட். இதைக் கோடாக வரைவது அளவுத்திட்டம் பழக மிகப் பொருத்தமான பயிற்சி. பாடநூலில் வரும் பல கணக்குகளைவிடப் பயனுள்ளதும்கூட.

1. முதலில் அட்டவணை. செல்சியஸ் −40, −20, 0, 20, 40 என்றால் பாரன்ஹீட் முறையே −40, −4, 32, 68, 104.

2. மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பாருங்கள். எக்ஸ் −40 முதல் 40 வரை. ஒய் −40 முதல் 104 வரை. தாள் கொள்ளும் அளவுக்கு அளவுத்திட்டம் வையுங்கள்: எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 10 டிகிரி, ஒய் அச்சில் 1 செ.மீ. = 20 டிகிரி.

3. அதைத் தாளின் வலது மேல் மூலையில் இப்போதே எழுதிவிடுங்கள். கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் கடைசியில் மறந்துவிடுகிறார்கள்.

4. ஒரு சிறு கட்டத்தின் மதிப்பைக் கணக்கிடுங்கள். எக்ஸில் ஒரு சிறு கட்டம் 1 டிகிரி, ஒய்யில் 2 டிகிரி. ஆகவே 32 என்பது ஆதிப்புள்ளியிலிருந்து மேலே 16 சிறு கட்டம். −4 என்பது கீழே 2 சிறு கட்டம்.

5. ஐந்து புள்ளிகளையும் குறித்து ஸ்கேலை வையுங்கள். ஐந்தும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் கோட்டை வளைத்து அதன் வழியே இழுக்காதீர்கள். அந்தப் புள்ளியின் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

கோடு தயார். இப்போது படிக்கலாம். ஒய் அச்சில் 100-இலிருந்து கிடையாக ஸ்கேலை நகர்த்திக் கோட்டைத் தொடுங்கள். அங்கிருந்து நேர் கீழே இறங்கினால் எக்ஸ் அச்சில் 38-க்குச் சற்று முன்னால் வந்து நிற்கும். கணக்கிட்டால் 37.8. உடலின் இயல்பான வெப்பம் 98.6 என்பதற்கு 37 வரும். கோட்டின் கீழ்முனையில் (−40, −40) இருக்கிறதே, அந்தக் குளிரில் மட்டும் இரண்டு அளவுகளும் ஒன்றாகிவிடும். முதல், இரண்டாம், மூன்றாம் கால்பகுதிகளின் வழியே இந்தக் கோடு போகிறது. நான்காவதை ஏன் தொடவில்லை என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு, அட்டவணையில் உள்ள எண்களையே சம இடைவெளியில் அச்சில் எழுதிவிடுவது. −40, −4, 32, 68, 104 என்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக எழுதினாலும் கோடு நேராகவே வரும், அதனால் தவறு கண்ணில் படாது. எந்தத் தொடர்பாக இருந்தாலும் படம் நேர்கோடாகிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. அச்சில் எழுதும் எண்கள் அளவுத்திட்டத்தின்படி மட்டுமே வர வேண்டும்: −40, −20, 0, 20, 40, 60.

வெளியுலகில் வரிசை மாறும் இடங்கள்

தாளில் எக்ஸ் முதலில். வெளியே எல்லா இடத்திலும் அப்படியில்லை, அதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. சதுரங்கத்தில் 'இ4' என்றால் முதலில் பக்கவாட்டு எழுத்து, பிறகு மேல்நோக்கிய எண், நம் வரிசைதான். சினிமா டிக்கெட்டில் 'எஃப் 12' என்றால் முதலில் வரிசை, பிறகு இருக்கை, தலைகீழ். கைப்பேசி வரைபடமும் தலைகீழ்தான். மேல்கீழ் சொல்லும் அட்சரேகை முதலிலும், பக்கவாட்டில் சொல்லும் தீர்க்கரேகை அடுத்தும் வரும்.

குறியிலும் அதே கவனம் வேண்டும். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 இறங்கியது நிலவின் தெற்கு அட்சரேகை சுமார் 69.4 டிகிரியில். எண்ணாக எழுதினால் −69.4. அந்த மைனஸை விட்டுவிட்டால் நிலவின் வடபாதிக்கு, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும்.

கணினி உள்ள வீடுகளில் ஸ்கிராட்ச் என்ற இலவச மென்பொருள் நல்ல பயிற்சிக் களம். அதன் மேடையின் நடுவில்தான் (0, 0). எக்ஸ் −240 முதல் 240 வரை, ஒய் −180 முதல் 180 வரை. எண்களை மாற்றினால் பூனை அந்தந்த இடத்துக்குப் போகும். மற்றப் பல வரைகலை மென்பொருள்களில் ஆதிப்புள்ளி இடது மேல் மூலையில் இருக்கும், ஒய் கீழ்நோக்கிக் கூடும். அதைத் தொடுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

இரண்டு பேர் ஆடும் கப்பல் வேட்டை

மின்சாரம் போன மாலைக்கு ஏற்ற ஆட்டம். இருவரும் தனித்தனித் தாளில் −5 முதல் 5 வரை அச்சுகள் போடுங்கள். அடுத்தவருக்குத் தெரியாமல் மூன்று கப்பல் நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் ஒரே நேர்கோட்டில் அடுத்தடுத்த மூன்று புள்ளி. ஒரு கப்பலாவது இடப்பக்கமோ கீழ்ப்பக்கமோ இருக்க வேண்டும். ஆளுக்கொரு முறை ஆயத்தொலைவு சொல்லிச் சுட வேண்டும், எதிராளி 'பட்டது' அல்லது 'தப்பியது' என்பார். சுட்ட புள்ளிகளைச் சிவப்பில் குறித்துக்கொள்ளாதவர் சுட்ட இடத்திலேயே மறுபடி சுட்டுத் தோற்பார்.

அடுத்த பாடத்துக்குப் போகலாமா?

பிள்ளையிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். தாள், பென்சில் அனுமதி உண்டு.

1. (0, −4) எங்கே இருக்கிறது?
2. (−6, 2) எந்தக் கால்பகுதி?
3. (−2, 5), (3, 5) இரண்டுக்கும் இடையே தூரம் என்ன?
4. தாளை ஒய் அச்சில் மடித்தால் (4, −1) எங்கே போகும்?
5. ஒரு சதுரத்தின் மூன்று மூலைகள் (1, 1), (1, 4), (4, 4). நான்காவது எது?

விடைகள்: ஒய் அச்சில், ஆதிப்புள்ளிக்குக் கீழே நான்கு; இரண்டாம் கால்பகுதி; 5; (−4, −1); (4, 1).

நான்கு சரியாக வந்தால் ஒன்பதாம் வகுப்பின் தொலைவுச் சூத்திரத்தைத் தாராளமாகத் தொடலாம். மூன்றாவது கேள்வி தவறினால் செவ்வகப் பகுதியை மட்டும் திரும்பச் செய்யுங்கள். முதல் கேள்வியே தவறினால் நோட்டை மூடிவிட்டு மறுபடி தரைக்கு வாருங்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, நாணயத்தை வைத்துப் பூச்சியம் உள்ள நாலைந்து புள்ளிகளை நடக்க வைத்தால் போதும்.